செயின் பக்கத்து மரை

ஜூலை 29, செவ்வாய்

டாப் வந்துவிட்டது! கொரியர்காரர் ஆபீஸ் வாசலில் நீட்டியபோது டீமில் எல்லாரும் நகை என்று நினைத்தார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் வேறென்ன வாங்குவாள்?

நான் புதிதாகக் கட்டுகிற சைக்கிளின் பிரேமுக்குப் பெயின்ட் அடித்தவர்கள், பெடல் அச்சு நிற்கிற குழாய்க்கு உள்ளேயும் அடித்துத் தொலைத்திருக்கிறார்கள். மரை முழுக்கப் பச்சை. அப்படியே அச்சைத் தாங்குகிற கப்பை வைத்து முறுக்கினால் மரையைத் தின்றுவிடும். அதைத் துடைக்கத்தான் டாப், மரைக்குள் விட்டுச் சுற்றுகிற பல் வைத்த இரும்புக் கருவி. மண்டையை உடைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தேன். மலிவான கார்பன் ஸ்டீல் வேண்டாம், பல் சீக்கிரம் மழுங்கும். இஞ்சுக்கு இருபத்துநாலு மரை. ஜோடியாக வாங்க வேண்டும், ஏனென்றால் செயின் பக்கத்து மரை மட்டும் தலைகீழ். இடது பக்கமாகச் சுற்றினால்தான் இறுகும். அந்தப் பக்கத்து டாப்பில் 'எல்' என்று பொறித்திருக்கிறது.

விஜினிடம் போனில் சொன்னேன். பாறசாலையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மாப்பிள்ளை, சந்தோஷப்படுவான் என்று ஒரு நினைப்பு. "கல்யாணம் கழிஞ்சா இத எங்க ஓட்டப் போற? ஸ்கூட்டி வாங்கித் தரேன்" என்றான். பொன்முடி மலைக்கு ஓட்டுவேன் என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

டாப் இப்போது கழக்கூட்டத்தில், தென்காசிக்காரர் ஆறுமுகசாமி அண்ணாச்சியின் சைக்கிள் கடையில், பிரேமுக்குப் பக்கத்தில். சனிக்கிழமை அவரும் நானும் உட்கார வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

அழாதே. எழுது.

கடைக்குப் போனால் அண்ணாச்சி ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கீழே பச்சைத் தூள் கிடக்க வேண்டிய இடத்தில் வெள்ளி வெள்ளியாக இரும்புச் சுருள். செயின் பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன். மரையே இல்லை.

நேற்று விஜின் வந்தானாம். ஷாலுவுக்கு சர்ப்ரைஸ், நானே துடைத்து வைக்கிறேன் என்றானாம். மாப்பிள்ளை ஆயிற்றே என்று டாப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்கிறார். "செயின் பக்கத்துக்கு எல்லு போட்டது, பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டுத்தாம்மா போனேன். எல்லாம் தெரியும்னுட்டாரு."

'எல்' டாப் பெட்டிக்குள் எண்ணெய்கூடப் படாமல் கிடந்தது. அடப்பாவி! ஒரே டாப்பை இரண்டு பக்கமும் விட்டிருக்கிறான். முரண்டு பிடித்தபோதாவது நிறுத்தினானா? கைப்பிடியில் ஒரு பைப்பை மாட்டி இன்னும் பலமாக முறுக்கியிருக்கிறான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாறசாலை வீட்டில். இன்று முதல் கல்யாண ஓலை. போதகர் எங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். சபையில் ஒரு இருமல்கூட இல்லை. அம்மாவுக்கு முகமெல்லாம் பல். விஜினுடைய சர்ச்சிலும் இதே நேரம் வாசித்திருப்பார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்தான். கேட்டேன். டாப் சரியில்லை என்றான். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அம்மா அடுக்களைக்குப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "செரி, எனக்குத் தெத்திப் போச்சு. அதுக்கு இப்ப என்னா?"

ஒன்றுமில்லை என்றேன். உண்மையாகவே ஒன்றுமில்லை. யாருக்கும் கை தவறும். அண்ணாச்சி தன் தப்பு என்று நினைத்து வதங்குகிறார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றேன். அதற்குத்தான் அவன் முகம் கறுத்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

போன் மேப்பில் அண்ணாச்சி கடைக்கு ஒற்றை நட்சத்திர விமர்சனம். போட்டது விஜின். என் பிரேமின் படத்தோடு: வேலை தெரியாத ஆள், என் வருங்கால மனைவியின் பிரேமை நாசம் செய்துவிட்டார், யாரும் போகாதீர்கள். மன்னிப்புக் கேள் என்றதற்கு இதுவா பதில்? எங்கள் ஹாஸ்டல் குரூப் வரை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடையில் விட்டிருந்த சைக்கிள்களை இரண்டு பேர் வேலை முடியுமுன்பே திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். விஜினைக் கூப்பிட்டு, அதை அழி என்று கத்தினேன்.

"நான் கெடுத்தேன்னு தெரிஞ்சா எனக்க ஒர்க்‌ஷாப்புக்கு எவன் வருவான்? அயாளு தென்காசிக்கே திரும்பிப் போட்டும். நீ எனக்க கூட நிப்பியா, அயாளுக்க கூட நிப்பியா?"

நல்ல கேள்விதான் கேட்டான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை உண்டா என்று கேட்டார். தொண்டை வரை வந்தது. கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சீ!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஒரு சைக்கிளுக்காவ கல்யாணத்த நிறுத்துவினுமா மக்களே? ஆட்கள் என்ன சொல்லுவினும்? உனக்குத்தான் மரை கழண்டுபோச்சு."

சைக்கிளுக்காக இல்லை அம்மா! தான் செய்ததை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டு, அவர் பிழைப்பு போவதைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகச் சோறு தின்கிறானே. நாளைக்கு அந்தத் தலை என்னுடையதாக இருக்கும். ஆம்பிளைகள் அப்படித்தான் என்றாள். அப்பா அப்படியா என்று கேட்டேன். அடுக்களைக்குப் போய்விட்டாள். அப்பா பேப்பரிலிருந்து நிமிரவே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நானும் எழுதினேன், ஐந்து நட்சத்திரத்தோடு: 'அந்த பிரேம் என்னுடையது. மரையைக் கெடுத்தவர் விஜின். கடைக்காரர் அல்ல. ஷாலு.' அம்மா, விஜின், விஜினின் அக்கா, போன் மேல் போன். எடுக்க மாட்டேன், போ.

ஆகஸ்ட் 16, சனி

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு நான் கெடந்துட்டுப் போறேன். எனக்காவ உங்க வாழ்க்கையக் கெடுத்துக்கிடாதீங்கம்மா" என்கிறார் அண்ணாச்சி. உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான் என்றேன். செயின் பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, பிரேமைத் தூக்கிப் போட வேண்டாம் என்றார். கெட்ட மரையைக் கடைந்து எடுத்துவிட்டு, சற்றே பெரிய இத்தாலி அளவில் புதிதாக வெட்டலாமாம். இந்த முறை துடைக்கிற டாப் போதாது, வெட்டுகிற டாப் வேண்டும். கொச்சியில் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டார்.

சாயங்காலம் விஜினிடமிருந்து மெசேஜ். நான் எழுதியதை அழித்தால் எல்லாவற்றையும் மன்னிக்கிறானாம். அவன்! என்னை!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்றாம் ஓலை. போதகர் கேட்டார். எழுந்தேன். அம்மா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். துப்பட்டா அவள் கையோடு போயிற்று.

"தடை இருக்கு பாஸ்டர். எனக்கு சம்மதம் இல்ல."

மணப்பெண்ணே சொன்னால் என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. "மோளே, ஆலோசிச்சுத்தான் சொல்லுதியா?" ஆமா என்றேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார். பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அம்மா பேசுவதில்லை. காலையில் வாட்ஸப்பில் வருகிற வேத வசனம்கூட நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 30, சனி

வெட்டிவிட்டோம்! அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், எண்ணெய், மறுபடி அரைச் சுற்று. அண்ணாச்சி பிரேமைப் பிடித்துக்கொண்டார், நான் முறுக்கினேன். "அவசரப்படாதீங்கம்மா, டாப்பு கோணிச்சுன்னா போச்சு" என்று உயிரை எடுத்தார். கப் விரலாலேயே உள்ளே போயிற்று. மணிக்கட்டு இரண்டும் செத்துவிட்டன. டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

விஜின் தன் ஒற்றை நட்சத்திரத்தை எடுத்துவிட்டான். மன்னிப்பெல்லாம் இல்லை. என்னுடையது அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். ஏன் போகக் கூடாது? எப்போதும் உட்கார்கிற இடத்திலேயே உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் சங்கத்துத் தாசம்மாள் மாமி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அம்மாவிடம் ஆரம்பித்தாள். "எலிசாளே, அண்ணைக்கு நடுச் சபையில எந்திரிச்சு நின்னது உனக்க மவதானே? எப்படி உனக்குத் தல நிமிந்து நடக்க முடியுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பினாள்.

"எனக்க மவதான். சபையில மூணு தடவ தடை இருக்கான்னு கேட்டினும். இருந்துது, சொன்னா. பின்ன எதுக்குக் கேக்கினும்?"