கருவாட்டுப் பெட்டியில் நாலு ரப்பர்

1943 நவம்பர் 8, திங்கள். கம்பம்

காலையில் வண்டியை வெளியே எடுத்தபோது முன்சக்கரம் இரண்டின் கீழும் ஈரம். தொட்டு மோந்து பார்த்தேன். பிரேக் எண்ணெய். நேற்றுத்தான் துடைத்துப் பளபளவென்று வைத்த சக்கரம், நாய் காலைத் தூக்கிவிட்டுப் போனது மாதிரி நிற்கிறது. காப்பி இறங்கவில்லை.

கழற்றிப் பார்த்ததில் சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன உருளையில் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் இற்றுப்போயிருக்கிறது. எட்டணாக் காசு அகலத்தில் ஒரு குட்டித் தொப்பி, அவ்வளவுதான். சக்கரத்துக்கு இரண்டு, ஆக நாலு வேண்டும். பழைய அமெரிக்கக் கார். யுத்தம் வந்ததிலிருந்து ஒரு ஆணிகூட வருவதில்லை.

டிசம்பர் 20-ம் தேதி தேனிக்கு மோட்டார் இன்ஸ்பெக்டர் வருகிறார். பிரேக் பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் குமுளி மலைப்பாதைக்கு என்னுடைய வாடகை பர்மிட் போயிற்று. ஒன்பது வருடமாக அந்தப் பாதைதான் எனக்கும் என் பெண்டாட்டி ராமுத்தாய்க்கும் சோறு போடுகிறது.

நவம்பர் 11, வியாழன்

பஸ்ஸில் தேனி போனேன். ஸ்பேர் சாமான் கடைக்காரன் வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு டப்பாவைத் தள்ளினான். நாலு ரப்பர். பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. எடுத்தால் விரலெல்லாம் கறுப்பு — லாரி டியூபை வெட்டி பூட்ஸ் பாலிஷ் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறான்!

“இதைப் போட்டு உம் பெண்டாட்டி பிள்ளையைக் குமுளி மலையிலே இறக்குவீரா?” என்று கேட்டேன்.

“எங்கிட்ட ஏதுய்யா காரு?” என்று சிரித்தான். வெற்றிலைச் சாறு என் சட்டையில் தெறித்தது. சீ!

ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் முத்துவீரனையும் பார்த்தேன். என் வண்டியில் கை வைக்க நான் விடுகிற ஒரே ஆள் அவன்தான். “மலாயாவ ஜப்பான்காரன் புடிச்சதோட ரப்பரெல்லாம் போச்சுண்ணே. இருந்தா ஒங்களுக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன்?” என்றான். போடி ரயில் தண்டவாளத்தையே பிடுங்கி யுத்தத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் நாலு ரப்பரைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

நவம்பர் 12

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வலது கையில் பாலிஷ் போகவில்லை. இடது கையால் சாப்பிட முடியுமா? ராமுத்தாய் பிசைந்து ஊட்டினாள், சிரித்துக்கொண்டே.

நவம்பர் 19, வெள்ளி

மதுரை. ஒருவனிடம் இருக்கிறதாம். ஆனால் விற்காமல் கிடக்கும் ரேடியேட்டர் ஒன்றையும் சேர்த்து எடுத்தால்தான் தருவானாம். அதற்கும் சரி என்றேன். வெட்கத்தை விட்டுச் சரி என்றேன். காகிதத்தைப் பிரித்தால் ரப்பர் முறுக்கு மாதிரி ஒடிகிறது. “தண்ணீல போட்டா இளகிரும்” என்கிறான். அவன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 24

குமுளியில் ஒரு எஸ்டேட் ஷெட். அங்கிருந்த மலையாளத்துக்காரர் “இல்லா சாரே” என்றார். அதோடு விட்டாரா? என் வண்டி ஹெட்லைட்டை விற்பேனா என்று கேட்டார். வண்டி செத்தே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

நவம்பர் 28, ஞாயிறு

கடைசியில் சமது மாமாவிடம் போய் நிற்கும்படி ஆயிற்று.

அப்துல் சமது ராவுத்தர். கம்பத்தில் கருவாட்டு மண்டி. அவர் அத்தாவும் என் அய்யாவும் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். அந்த வழியில் எனக்கு அவர் மாமா. நல்ல மனுஷன்தான். ஆனால் அந்தக் கடைக்குள் மூச்சுவிட என்னால் ஆகாது. என் வண்டிக்குள் ‘மீன், கருவாடு ஏற்றப்படாது’ என்று பெயிண்டில் எழுதிய பலகை இருக்கிறது. அவர் கூடைகளை எஸ்டேட் கூலிக்காரர் லயங்களுக்குக் கொண்டுபோகச் சொல்லி இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் பலகையைக் காட்டினேன். அவரிடமும் முன்பு இதே மாதிரி வண்டி ஒன்று இருந்தது. பெட்ரோலைக் கூப்பனுக்கு அளந்து கொடுக்க ஆரம்பித்ததும் கொச்சிக்காரனுக்கு விற்றுவிட்டதாகப் பேச்சு. ஆகவே யாரிடமாவது கேட்டுச் சொல்ல முடியுமா என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

“உள்ள வாங்க மாப்ளே.”

“இங்கனயே நிக்கிறேன் மாமா.”

சிரித்தார். “ஒரு வாரம் பொறுங்க, பாப்போம்.”

டிசம்பர் 4, சனி

கிடைத்துவிட்டது!

நெத்திலிக் கருவாடு வைக்கிற மரப்பெட்டியின் அடியில் இருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நாலு ரப்பர். நிஜ ரப்பர், ஓரத்தில் நம்பர் அச்சிட்டது, அழுத்தினால் திரும்பி எழுகிறது. “இதுக்குள்ள எவனும் கைய விடமாட்டான், அதான் இங்கன வச்சேன்” என்றார். எங்கே பிடித்தது என்று கேட்டேன். “எங்கனன்னு கேக்காதீக.” காசும் வேண்டாம் என்கிறார். “வண்டி ஓடட்டும் மாப்ளே, பொறகு பாத்துக்கலாம்.”

கள்ளச் சரக்குத்தான், சந்தேகமென்ன. காசு வேண்டாம் என்பதன் அர்த்தமும் எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட மறுநாள், இருபத்தோராம் தேதி, கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். பரவாயில்லை, அப்போதும் பலகை இருக்கும்.

ஆனால் நாற்றம்! பொட்டலத்தைப் பையில் வைத்து நடந்து வந்தேன். பின்னாலேயே ஒரு பூனை.

டிசம்பர் 5, ஞாயிறு

சோப்புத் தண்ணீரில் கழுவினேன், போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், போகவில்லை. ராத்திரி முழுக்கச் சீமெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் துணியால் துடைத்துக் காயவைத்தேன். இப்போது கருவாட்டு வாடை துளியும் இல்லை. இப்படி ஒரு சாமானைச் சுத்தம் செய்ய இந்த ஜில்லாவில் வேறு எவனுக்குத் தெரியும்?

ராமுத்தாய்தான் கத்தினாள். “வெளக்குக்கே சீமெண்ண க்யூவுல நின்னு வாங்குறோம். கருவாட்டக் குளிப்பாட்டவா அது?”

டிசம்பர் 6

நானே பூட்டினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும். தெருவில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன், மிதித்த இடத்தில் நிற்கிறது.

டிசம்பர் 8, புதன்

குமுளிக்கு ஒரு குடும்பம் — புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள், ஒரு கிழவர். ஏறும்போதே வண்டி இழுக்க மறுத்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தில் புகை. ஆறவைத்து, ஆறவைத்து ஏற்றி இறக்கிவிட்டேன். திரும்பும்போது தனியாக வந்தேன், அந்த மட்டும் கடவுள் காப்பாற்றினார். மூன்றாவது வளைவில் மிதித்தால் பெடல் தரையில் போய் முட்டுகிறது. ஒன்றுமில்லை. வெறும் பெடல்! கியரை மாற்றி, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக மண்ணில் மோதி நிறுத்தினேன். மட்கார்டு நசுங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் பள்ளம்.

மலை இறங்கும்போது அந்தக் குழந்தைகள் வண்டியில் இருந்திருந்தால்?

டிசம்பர் 9

கழற்றினேன். நாலும் ஊறப்போட்ட மொச்சை மாதிரி உப்பிக் கிடக்கிறது. ஓரமெல்லாம் நசுங்கிப் பிய்ந்திருக்கிறது. போலி! நல்ல ரப்பர் இப்படி ஆகுமா? தேனிக்காரனாவது மூஞ்சிக்கு நேரே திருடன். இவர் மாமா என்று கூப்பிட வைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறார்.

டிசம்பர் 10, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வரும் நேரம் பார்த்து மண்டிக்குப் போனேன். வேண்டுமென்றேதான் அந்த நேரம். நாலில் இரண்டை அவர் தராசுத் தட்டில் வீசினேன்.

என்ன பேசினேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். “காசு வாங்கலைன்னா போலியக் குடுத்துரலாமா? உங்க கூடய ஏத்தலைன்னு என்னையப் பள்ளத்துல தள்ளப் பாத்தீகளா? கருவாடு மட்டுமில்ல, ஒம்ம புத்தியும் நாறுது!”

பத்து இருபது பேர் நின்றார்கள். சமது அந்த ரப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முடிஞ்சுச்சா?” என்றார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சரக்குல வெயில் படணும்.”

சரக்காம், வெயிலாம்! குற்றம் செய்தவன் வேறு எதைப் பேசுவான்?

டிசம்பர் 13, திங்கள். தேனி

மிச்சம் இரண்டை முத்துவீரனிடம் காட்டி, ராவுத்தர் கொடுத்த போலியைப் பார் என்றேன். அவன் பார்க்கவில்லை. மோந்தான்.

“எதுலண்ணே கழுவுனீக?”

சொன்னேன்.

“சீமெண்ணயா?” தலையில் கை வைத்துக்கொண்டான். “ரப்பருக்குச் சீமெண்ண வெசம்ல. உப்பி ஊதிப் போகும். வெளக்கெண்ண, இல்லைன்னா ஸ்பிரிட்டு, அது ரெண்டுதேன் படலாம். அதனாலதான பிரேக் எண்ணையே வெளக்கெண்ணயக் கலந்து செய்யிறது! இது கம்பெனிச் சரக்குண்ணே. அசல். இந்த நம்பரப் பாருங்க. சும்மா தொடச்சுட்டுப் போட்டிருந்தா அஞ்சு வருசம் உழைச்சிருக்கும்.”

தொடச்சுட்டு. அவ்வளவுதான். ஒரு துணியால் துடைத்திருந்தால் போதும்.

டிசம்பர் 14

மூக்கு. எல்லாம் இந்த மூக்கு. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 15, புதன்

மண்டிக்குப் போனேன். காமயகவுண்டன்பட்டியில் தன் தோப்பில் இருக்கிறார் என்றார்கள். நடந்தே போனேன். தேங்காய் போடுகிற ஷெட்டில் அவர் இல்லை, ஆனால் படுதா போர்த்தி ஒரு வண்டி நின்றது. கீழே செங்கல் அடுக்கு. படுதா எட்டாத முன்பக்கத்தில் சக்கரம் இரண்டும் இல்லை.

அவருடைய வண்டி. விற்கவே இல்லை. தன் வண்டியைக் கல்லின் மேல் தூக்கி வைத்துத் தன் பிரேக்கைக் கழற்றி எனக்குக் கொடுத்திருக்கிறார். அதைத்தான் எங்கே என்று கேட்காதே என்றாரா? கேட்டிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்று தெரிந்துதானா?

அவர் வாய்க்கால் பக்கமிருந்து வந்தார். சீமெண்ணெய்க் கதையைச் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துப் பின்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார்.

“வேணாம் மாமா.”

“முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவுதேன், சேரும். இருபதாம் தேதிக்கு இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு.” ஒரு நட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தூக்காமலே: “போலின்னு நீங்க சொன்னதுகூடப் பெரிசில்ல. பள்ளத்துல தள்ளப் பாத்தேன்னு சொன்னீக பாருங்க. அன்னைக்கு நான் சோறு திங்கல, அய்யாத்துரை.”

மாப்ளே என்று சொல்லவில்லை. பேரைச் சொன்னார்.

ரப்பரைப் பழைய கருவாட்டுத் துணியிலேயே சுற்றிக் கொடுத்தார். மார்போடு பிடித்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 16

முத்துவீரன் பஸ்ஸில் வந்து பூட்டிக் கொடுத்தான். குழாயெல்லாம் ஸ்பிரிட் விட்டுக் கழுவினான். ரப்பருக்கு நானே என் விரலால் விளக்கெண்ணெய் தடவினேன். வாடை அப்படியே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 17, வெள்ளி

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் ஜும்ஆ முடிகிற அதே நேரத்துக்குப் போய், மண்டிக்குள்ளே, தராசுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். போலி இல்லை, அசல், கெடுத்தது நான், போன வெள்ளி பேசியது அத்தனையும் பொய். போன வாரம் கேட்டவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

சமது தராசில் கருவாட்டை நிறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “நெத்திலி வேணுமா?” என்றார்.

வாங்கிவந்தேன். ராமுத்தாய் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “காச்சலா அடிக்கிது?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

டிசம்பர் 20, திங்கள்

இறக்கத்தில் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நின்றது. மறுபடியும். நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு மூக்கைச் சுளித்து, “வண்டியில் என்னய்யா வாடை?” என்றார்.

“பிரேக், சார்” என்றேன்.

1944 ஜனவரி 18, செவ்வாய்

குமுளிக்கு ஒரு நடை. பின்னால் ஆறு கூடை. முன்சீட்டில் சமது மாமா. மலையடிவாரத்தில் லோயர் கேம்ப்பில் ஒரு ஜவுளிக்காரர் கைகாட்டினார், குமுளிக்காம். கதவைத் திறந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சீச்சீ, இதுல மனுசன் ஏறுவானா? முன்னால இதுல ஒரு பலகை இருந்துச்சே?” என்றார்.

“அடுப்புக்குப் போயிருச்சு. ஏறுறதுன்னா ஏறுங்க. இல்லைன்னா நடந்து வாங்க” என்றேன்.

ஏறவில்லை. கிளப்பினேன். முதல் வளைவில் மாமா திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு சொன்னார், “மெதுவாப் போங்க மாப்ளே, கூட சரியுது.”