அகில் போடாத வியாழன்

மார்ச் 2, சனி

பூனைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது, இனி திரும்பாது. இன்று காலை விளக்கடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் முதோனி உறுதியாகச் சொன்னார்.

கென்யாவின் லாமு தீவில், மீன் துறையில் பல வருடமாக என் தராசுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவள். துறை ஆட்கள் வைத்த பெயர் மஜிவு. சுவாஹிலியில் சாம்பல் என்று பொருள், நிறமும் அதுதான். நான் வெட்டிப் போடும் மீன் தலையைத் தின்பாள்; தொட மட்டும் விட்டதில்லை. நேற்று கழுதைக் காலில் மிதிபட இருந்தவளைக் கோணி போட்டுப் பிடித்தேன்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "வெளிய விட்டா செத்துடும். வீட்டுல சின்ன ரூம் ஒண்ணு குடுங்க. எதையும் இடம் மாத்தாதீங்க, இனிமே அதுக்கு எல்லாமே மோப்பம்தான். ஆனா வளர்ந்த காட்டுப் பூனை, பெருசா நம்பிக்கை வச்சுக்காதீங்க. பதினஞ்சாம் தேதி வரேன். அதுக்குள்ள தானா சாப்பிடலைன்னா ஊசி போட்டுத் தூங்க வச்சுடலாம். பட்டினியில சாக வேண்டாம்."

அதுவரை சிரிஞ்சில் மீன் சாறு.

மார்ச் 3, ஞாயிறு

முற்றத்தை ஒட்டிய சாமான் அறையில் விட்டிருக்கிறேன். கதவைத் திறந்தாலே சீறல். கையெல்லாம் பிறாண்டல். ருக்கியா அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "பொண்டாட்டி வேணும்னு கேட்டிருந்தா நானே நல்லவளாப் பாத்திருப்பேனேடா."

மார்ச் 5, செவ்வாய்

தின்றாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சுவரோரமாகவே நடந்து, மரப்பெட்டியை முகர்ந்து, கோணியை முகர்ந்து, தட்டுக்கு வந்தாள். பாதி விளைமீன்.

மார்ச் 6, புதன்

இன்றும் அதே வழி, அதே வரிசை. தட்டு காலி.

துறையில் சொன்னேன். படகுக்கார ஷாலி வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கண்ணு தெரியாததால தின்னுருக்கும். பாத்திருந்தா உன் சமையலைத் தொடுமா, கோம்போ?"

மார்ச் 7, வியாழன்

நாளைய வெள்ளித் தொழுகைக்காக அக்கா வழக்கம்போல் வீடு முழுக்க அகில் புகை போட்டாள். கரியை ஊதிக் கொடுத்தேன். சாமான் அறைக்கும் தூபக்காலைக் கொண்டுபோனாள். "இவளும் இனி நம்ம வீட்டுப் பொண்ணுதானே, இவளை மட்டும் விட்டுடலாமா?" எனக்கும் நல்லதாகத்தான் பட்டது.

மார்ச் 8, வெள்ளி

தட்டு தொடப்படவில்லை. காலையிலிருந்து சுவரில் முட்டுகிறாள், பெட்டியில் முட்டுகிறாள். இப்போது பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே செருகிக்கொண்டு கிடக்கிறாள். என்ன ஆயிற்று இவளுக்கு?

பள்ளிவாசலில் குனிந்தபோது என் சட்டையிலிருந்து அகில் வாசனை வந்தது. அப்போதுதான் உறைத்தது. பெட்டி, கோணி, தட்டு, சுவர் – எல்லாம் ஒரே வாசனை. அவளுக்கு இருந்த வழியை நாங்கள் அழித்துவிட்டோம்.

டாக்டரைப் போனில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர், "மறுபடியும் முதல்லேர்ந்துதான். இந்தத் தடவை அதுக்குத் தெம்பு இருக்கணும்."

அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டாமோ? அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். "அம்மா போனதுலேர்ந்து ஒரு வியாழன் விட்டதில்ல. ஷைத்தானை விரட்டத்தானேடா போட்டேன். அந்த வாயில்லாத ஜீவனையா?"

மார்ச் 9, சனி

கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தாயிற்று. தரையைக் கழுவினேன். பவளக்கல் சுவர் குடித்த வாசனையை விடாது, போன ரமலானில் போட்டதே இன்னும் இருக்கிறது. கழுவியதில் கொஞ்சநஞ்சம் இருந்த அவள் வாடையும் போயிருக்கும். யோசிக்காமல் செய்துவிட்டேன்.

மீண்டும் சிரிஞ்ச். பாதி வெளியே வழிகிறது.

மார்ச் 11, திங்கள்

சீறக்கூட இல்லை. சீறினால் தேவலை.

மார்ச் 13, புதன்

கோணி போட்டுத் தூக்கினேன். எடையே இல்லை. தினமும் நிறுக்கிறவன் கை, தெரியாமலா போகும்?

மத்தியானம் அக்கா என்னிடம் சொல்லாமல் துறைக்குப் போயிருக்கிறாள். ஷாலியின் தலையில் என் தராசுக்குக் கீழே விரித்திருக்கும் பழைய சாக்கை ஏற்றிக்கொண்டு வந்தாள். தெருவே மூக்கைப் பொத்தியது.

"அக்கா, இந்த நாத்தத்தை எவ வீட்டுக்குள்ள விடுவா?" என்றான் ஷாலி.

"உன்னையே விட்டிருக்கேன். உள்ள போடு."

மஜிவுக்குப் பக்கத்தில் விரித்தோம். அவள் நகரவில்லை.

மார்ச் 14, வியாழன்

அக்கா இன்று அகில் போடவில்லை. தூபக்கால் அலமாரியிலேயே இருக்கிறது. மாலையில் பக்கத்து வீட்டுப் புகை முற்றத்துக்குள் இறங்கியதும் எழுந்து போய், சாமான் அறைக் கதவிடுக்கில் ஈரத் துணியை அடைத்தாள். சோப்பு வாசனை வரும் என்று குளிக்காமல், அந்த அறைக்குப் போகும்போது கட்டுகிற காங்காத் துணியையே நேற்றிலிருந்து கட்டியிருக்கிறாள். என்னைவிட அவளிடம்தான் மீன் வாடை அதிகம்.

மஜிவு சாக்கின் மேல் படுத்திருக்கிறாள். காலையில் பெட்டிக்குப் பின்னால் இருந்தாள். நாங்கள் யாரும் தூக்கி வைக்கவில்லை. விலா எலும்பு தெரிகிறது. தட்டில் வைத்த விளைமீன் அப்படியே, எறும்பு மொய்த்து. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சாம்பல் முடி மிதக்கிறது. குடித்தாளா, வழியில் தடுக்கி மூக்கை முக்கினாளா, தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட குடிச்சான்னு சொல்லுடா," என்றாள் அக்கா.

பார்க்காததை எப்படிச் சொல்ல? முடி கிடந்தது என்று சொல்கிறேன்.

டாக்டரின் படகு நாளை ஜும்மாவுக்குப் பிறகு. அவர் மருந்துப் பெட்டியில் அந்த ஊசியும் இருக்கும். தட்டை மாற்றவில்லை, எறும்பை மட்டும் தட்டிவிட்டுப் புது மீன் வைத்திருக்கிறேன்.