கறிவேப்பிலை அழகி

உங்களுக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை.

பல்கலைக்கழக வளாகத்துப் பட்டாம்பூச்சிகளைப் பற்றிய உங்கள் புத்தகம் பரமத்தி வேலூரில் என் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டது. எல்லாம் நாம் இருவரும் வெயிலில் அலைந்து இனம் கண்டவை. புரட்டிப் பார்த்த அம்மா, "உன்ற பேரக் காணமே, சாமி?" என்றாள். நன்றியுரையில் உங்கள் மாணவி சுகன்யாவின் பெயர் மட்டும் இருப்பதை நான் வாசித்துக் காட்டவில்லை.

அட்டைப் படத்துக்கு ரோஜா அழகி என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். அதற்கு உடல் சிவப்பு, இதற்குக் கறுப்பு. இது பெண் கறிவேப்பிலை அழகி; ரோஜா அழகி போல வேஷம் போடும். நம் குடியிருப்பில் நான் வைத்த கறிவேப்பிலைச் செடிக்கு அது முட்டையிட வந்தபோது நானே எடுத்த படம்.

உங்களைச் சொல்லியும் குற்றமில்லை. சாப்பிடும்போது கறிவேப்பிலையைப் பார்க்காமலே ஒதுக்குகிற கை உங்களுடையது.

இப்படிக்கு,
இலையோரத்தில் கிடப்பவள்