காலிப் பவுடர் டப்பா

அன்பு மகள் பட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே எல்லோரும் நலம்தானே என்று கேட்கலாமென்றால், நீ நலமாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது.

என் பேத்தி சுண்டு அவள் அப்பாவின் ஆபீஸ் ஷூவுக்குள் ஷாம்பூ ஊற்றிக் கழுவினாளாம், நீ கட்டடமே அதிரக் கத்தினாயாம், அப்புறம் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு எனக்கு போன் போட்டு, நான் அம்மாவா இருக்கவே லாயக்கில்லம்மா, நீ ஒருநாள்கூட என்கிட்ட கத்தினதில்லையே என்று அழுதாய். நான் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவுக்குக் காபி புரையேறி இன்னும் இருமுகிறார். உண்மையைச் சொல்ல போனில் வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்போது உனக்கு நாலு வயசு. தபால் ஆபீஸ் கவுன்டரில் நாளெல்லாம் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத ரேடியோவுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர். கேட்டால், காலைலேர்ந்து பேசுதே, தொண்டை காயாதா என்கிறாய். கையை ஓங்கிவிட்டேன். நீ அழவில்லை, ஓங்கின கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அது யார் கையோ என்று எனக்கே பயமாகிவிட்டது. பக்கத்தில் கிடந்த காலிப் பவுடர் டப்பாவை உன்னிடம் திணித்து, கீழ்வீட்டுத் தையல் அத்தைகிட்ட குடுத்துட்டு வா என்று அனுப்பினேன். அத்தை திறந்து பார்த்திருக்கிறாள், ஒன்றுமில்லை. மாடியைப் பார்த்திருக்கிறாள், உன் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாள், புரிந்துவிட்டது. மிஷின் பக்கத்தில் உட்கார வைத்துப் பொத்தான்களை நிறம் பிரிக்கச் சொல்லி, அரை மணி கழித்துத்தான் உன்னை அனுப்பினாள். மறுநாள் அவள் பெற்ற வானரம் அதே டப்பாவோடு நம் வாசலில் நின்றது. (அவன் இப்போது பள்ளிக்கூட வாத்தியார், முப்பது வானரங்களை மேய்க்கிறான்.) அப்புறம் ஐந்து வருஷம் அந்த டப்பா படி ஏறி இறங்கியது. நீ கீழே இருந்த அரை மணிகளில் நான் தலையணையிடம் கத்தியதையெல்லாம் எழுதினால் இந்தக் கடிதத்தைத் தபால்காரர் தொடமாட்டார்.

ஒருநாள் நீ பாதிப் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துவிட்டாய். வெறும் டப்பா குடுத்தா அத்தை பாவமில்ல என்று உன் புது ரப்பரைக் கடித்துப் பாதியை உள்ளே போட்டிருக்கிறாய். அதைக் காட்ட அத்தையே மேலே ஏறி வந்தாள். அதுவரை அந்த டப்பாவைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களுக்கும் இப்படித்தான் கோபம் வருமா என்று கேட்டேன், பின்னே, ஊர்ல எல்லாருக்கும்தான், யாரு வெளியில சொல்றா என்றாள். இருவரும் சிரித்தோம், எனக்கு அழுகையும் வந்தது. முதல் நாளே வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் தோன்றும்.

உன் எதிர்வீட்டில் இரட்டைக் குழந்தைக்காரி ஒருத்தி இருக்கிறாள், லிஃப்டில் தலையாட்டுவதோடு சரி என்றாயே. இரண்டு வைத்திருக்கிறவள் உன்னைவிட இரண்டு மடங்கு கத்துவாள், கணக்குச் சரியாகத்தான் வரும். நீயே போய்ப் பேசு. டப்பாவைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், ரப்பர் உள்ளேயே இருக்கிறது, சுண்டு தின்றுவிடப் போகிறாள், ஜாக்கிரதை.

ஒன்றே ஒன்று மறக்காதே. சுண்டு டப்பாவோடு எதிர்வீட்டுக்குப் போனதும் ஆசை தீரக் கத்திவிட்டு முகத்தைக் கழுவிக்கொள். அவள் திரும்பி வரும்போது கதவை நீயே திற. நான் அப்படித்தான் திறந்தேன். கதவைத் திறந்த அந்த முகத்தைத்தான் நீ கத்தாத அம்மா என்று ஞாபகம் வைத்திருக்கிறாய்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், அவர் ஷூவுக்கு என் அனுதாபம். சுண்டுவுக்கு ஆயிரம் முத்தம். நீயும் நிம்மதியாக நன்றாக இரு.

இப்படிக்கு,
தலையணையிடம் கத்திய உன் அம்மா