புதினாப் பெட்டி

ஏப்ரல் 3, 2024. ஹேடோ

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த நோட்டிலாவது பேசுகிறேன்.

போன வருஷம் உமாவின் அண்ணன் சொக்கலிங்கம் எங்கள் குளியலறையைப் புதுப்பித்துக் கொடுத்தான். சாதாரண பிளாஸ்டிக் ஃப்ளஷ் தொட்டி போதும் என்றேன். "ஹேவ்லாக் ரிசார்ட்ல எல்லாம் இதான் மாப்ள, தொட்டியே கண்ணுக்குத் தெரியாது" என்று அதைச் சுவருக்குள் புதைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டான். வெளியே தெரிவது இரண்டு பொத்தான் வைத்த வெள்ளைப் பலகை மட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அவன் செய்கிற எல்லாமே பார்க்க நன்றாக இருக்கும்.

ஒரு வாரமாகக் கழிவறையில் மெல்லிய சலசலப்பு. உமாவுக்குக் கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 5

மாடி டாங்க் எங்களுக்கும் கீழ்வீட்டுக்கும் பொது. இந்தக் கோடையில் முனிசிபல் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை. இன்று மதியமே காலி. கீழ்வீட்டு ரஹ்மத்துன்னிசா படியேறி வந்தார். மகள் பஸீலா கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள்.

"சார், பச்சப்புள்ளயக் குளிப்பாட்டத் தண்ணியில்ல. எல்லாம் கத்தம். ஒங்க வீட்லதான் எங்கேயோ போகுது."

இருக்காது என்றேன். அவர் போனதும் கழிவறைக் கோப்பையின் உள்ளே, தண்ணீர் இறங்கும் பின்பக்கத்தைத் துடைத்து ஒரு காகிதம் ஒட்டினேன். நிமிர்வதற்குள் நனைந்துவிட்டது. எங்கள் வீடுதான்.

ஏப்ரல் 6

சொக்கலிங்கத்துக்குப் போன்.

"டைல்ஸ ஒடச்சாத்தான் உள்ள பாக்க முடியும் மாப்ள. அதே கலரு அடுத்த கப்பல்ல வரட்டும். அதுவரைக்கும் சலேகா."

சலேகா, அதாவது இப்படியே ஓடட்டுமாம். அடுத்த கப்பல். இந்தத் தீவின் சோம்பேறிகளுக்கெல்லாம் கடல்தான் தாய்மாமன்.

தண்ணீரை நிறுத்த ஒரு வால்வாவது வைத்தாயா என்றேன். உள்ளே இருக்கிறது என்றான். எந்த உள்ளே? சுவருக்கு உள்ளே.

பத்தாவது தாண்டாதவன். ஊர் அவனை இன்ஜினியர் என்கிறது. எம்.ஏ. முடித்து, துறைமுக அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் நான், உமாவின் வீட்டாருக்கு வெறும் மாப்பிள்ளை. எதற்குப் படித்தேன்?

"எங்கண்ணன் ஆசையா செஞ்சு குடுத்துச்சு. அதுக்கு இந்தப் பேச்சா" என்றாள் உமா.

ஏப்ரல் 8

கீழே குழந்தை அழுகிறது. எதற்கு அழுதாலும் தண்ணீருக்குத்தான் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 9

ரஹ்மத்துன்னிசா மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. "பெருநாளைக்கு வீடு முழுக்க ஆளு வரும் சார். அதுக்குள்ள சரியாகலன்னா டாங்க்லேந்து ஒங்க லைன மூடிருவேன்னு எங்க வீட்ல சொல்றாங்க. என்னையத் தப்பா எடுக்காதீங்க."

இதில் தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நானாக இருந்தால் அன்றைக்கே மூடியிருப்பேன்.

ஏப்ரல் 10

இந்த மாதிரித் தொட்டியை எப்படிப் பொருத்துவது என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சுவரில் வைக்கும்போதே தொட்டியின் வாயில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. பூச்சும் டைல்ஸும் முடியும்வரை அதைத் தொடவே கூடாது. சிமெண்ட் உள்ளே விழாமல் காப்பதற்கென்றே இருப்பது.

எங்கேயோ பார்த்த பெட்டி.

பால்கனிக்குப் போனேன். உமாவின் புதினா அதில்தான் தழைத்துக் கிடக்கிறது. "கப்பல்ல வந்த பேக்கிங்குமா, செடி வச்சுக்க" என்று பூச்சு வேலை தொடங்கிய அன்றே அண்ணன் தங்கைக்குக் கொடுத்த சீர்.

போனை அவளிடம் நீட்டினேன். திரையைப் பார்த்தாள். புதினாவைப் பார்த்தாள். உள்ளே போய்க் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

டைல்ஸ் எதையும் உடைக்கவில்லை. பலகையைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருந்தான். அதை அறுத்தேன், பலகை கழன்றது. கை நுழையும் அளவுக்கு வாய். வால்வு அங்கேயே இருந்தது, மூடினேன். தொட்டியின் அடியில் அள்ள அள்ள மணல். அடைப்பானின் ரப்பர் வளையத்தில் சிமெண்ட் துகள் — ஒழுகாமல் என்ன செய்யும்? கழுவித் திரும்பப் போட்டு வால்வைத் திறந்தேன். காகிதம் ஒட்டினேன். நனையவில்லை.

உடைக்காமல் பார்க்க முடியாதாம். இன்ஜினியர்.

ஏப்ரல் 11

பெருநாள். கீழிருந்து பிரியாணி வந்தது.

ஏப்ரல் 14

புத்தாண்டுச் சாப்பாட்டுக்குச் சொக்கலிங்கம் வந்தான். குளியலறையில் கை கழுவும்போதே சத்தம் இல்லாததைக் கவனித்து, "பாத்தீங்களா மாப்ள, தன்னால செட்டாயிருச்சு" என்றான். நான் வாய் திறப்பதற்குள் அடுத்தது: எங்கள் ஊழியர் சங்கம் கட்டும் புதுக் குடியிருப்பின் கழிவறைகள் எல்லாம் அவன் கையில்தானாம். எல்லாத் தொட்டியும் சுவருக்குள்.

உமா துவையல் வைத்தாள்.

"புதினா நல்லா வந்துருக்கேம்மா."

"பேக்கிங் நல்ல பேக்கிங்ணே."

அவன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் 15

சங்கத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு தொட்டியின் வாயிலும் பெட்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பூச்சு வேலைக்கு விடுங்கள். பலகையைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் யாரும் சாவி வாங்காதீர்கள். அடியில் என் பெயர், எம்.ஏ. உட்பட.

உமா இரண்டு முறை வாசித்தாள். சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

"அனுப்புங்க. பேரு மட்டும் வேணாம், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காது." கொஞ்சம் யோசித்தாள். "உங்க கையெழுத்து அண்ணனுக்குத் தெரியும். டைப் அடிச்சுருங்க."

அவனைப் பற்றி ஒரு பொய்கூட இல்லாமல் எழுதிய பக்கம். அதில் நான் இருக்க மாட்டேன். இருக்கட்டும்.

நாளை அபர்தீன் பஜார் தபால் பெட்டியில் போடுகிறேன், பெயரில்லாமல்.