ஜீப்புக்கு டர்போ

ஐப்பசி, செவ்வாய் இரவு.

எங்கள் பழைய ஜீப்புக்கு வேறு என்ஜின் வேண்டாம், இருப்பதிலேயே, காற்றை அழுத்தி உள்ளே தள்ளி இழுவையைக் கூட்டும் டர்போவைப் பொருத்தலாம் என்ற என் பேச்சு இன்று எடுபட்டது. இன்னும் நம்ப முடியவில்லை.

மகன் ஆரோக்கியம் அதில்தான் சிறுமலைத் தோட்டங்களுக்கு உர மூட்டை ஏற்றிப் போகிறான். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. ஆனால் தேய்ந்த என்ஜினில் டர்போ போட்டால், அழுத்தம் தாங்காமல் கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு நின்றுவிடும். உள்ளே இருப்பவன் என் பிள்ளை. அந்த நினைப்பில்தான் இத்தனை நாள் அழுத்திச் சொல்லவில்லை.

காலையில் பட்டறையில் மெக்கானிக் பாண்டி என்ஜினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை வந்தது.

"பாத்தீகளாய்யா? பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு. வேற என்ஜின்தான்."

"என்ஜினுக்குள்ள சேர்ற புகை வெளிய போற குழாய் அடைச்சிருந்தாலும் இப்படி வருமேப்பா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஐயா புஸ்தகத்துல படிச்சிருப்பாக." ஆரோக்கியமும் சேர்ந்து சிரித்தான்.

பாண்டி சிரித்துக்கொண்டே அந்தக் குழாயைக் கழற்றினார். உள்ளே கரியும் எண்ணெயும் கட்டியாக அடைத்திருந்தன. சுத்தம் செய்து மாட்டியதும் புகை நின்றது. எனக்கு அப்போதும் சந்தேகம். ரிங் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறையும் என்பதால், நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொன்னேன். நான்கும் சரியாக இருந்தன.

"அம்புட்டும் நல்லாருக்குய்யா. டர்போவத் தாங்கும்."

"அப்ப அப்பா சொன்னபடியே போட்ருங்கண்ணே," என்றான் ஆரோக்கியம்.

டர்போவை மாட்டி முடித்ததும் முதல் ஏற்றத்துக்கு நானும் அவன் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார வேண்டும் என்கிறான். பயமாகத்தான் இருக்கிறது. உட்காருவேன்.