நெட் போகாத ஊர்க்காரர்

புதன், இலுப்பூர்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆபீஸ் சர்வரில் உள்ள ஃபைலுக்கு லேப்டாப்பிலேயே ஒரு நகல் வைத்து, நெட் போனாலும் வேலை ஓட வைக்கும் பகுதியை எங்கள் கம்பெனி சாஃப்ட்வேரில் எழுதியது நான். காலை வீடியோ மீட்டிங்கில் சென்னை மேனேஜர் அதைத் தூக்கச் சொன்னார்.

"சார், எங்க ஊர்ல தேர் வந்தா கம்பி தட்டும்னு கரண்டை நிப்பாட்டிருவாங்க. நெட்டும் போயிரும்."

"தேருக்கெல்லாமா புரோகிராம் எழுதுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன்.

நாங்கள் செய்யும் அந்த சாஃப்ட்வேரில்தான் எங்கள் அன்றாட வேலையும் நடக்கும். மதியம் தேர் எங்கள் தெருவில் திரும்பியது. நெட் போனது. திறந்திருந்த ஃபைல் அப்படியே நின்று, எழுதியதெல்லாம் போனது.

கரண்ட் வந்ததும் அவர் மெசேஜ்: "எங்க போனீங்க?"

தூக்கியதை முதலில் மறுபடி சேர்த்தேன். அவரைக் கேட்கவில்லை. அப்புறம்தான் பதில் போட்டேன்.

"தேர் வந்துச்சு சார்."